கலிபாரியின் கென்டக்கிக் கணக்கு: ஆள்சேர்ப்பை எதை வைத்து அளப்பது?

ஸ்கோர்நோட்டு

நேற்று வேறோர் இழையில் ஒருவர், "ஜான் கலிபாரியைப் போல ஆள் பிடித்தவர் கென்டக்கி வரலாற்றிலேயே இல்லை, அவரை விரட்டியது நன்றிகெட்டதனம்" என்று இரண்டு வரி எழுதிவிட்டுப் போய்விட்டார். யாரும் விரட்டவில்லை. கென்டக்கிப் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணிக்குப் பதினைந்து ஆண்டு பயிற்சியாளராக இருந்தவர், 2024 ஏப்ரலில் அவராகத்தான் ஆர்கன்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அது ஒருபுறம் இருக்கட்டும். என் தொண்டையில் சிக்குவது முதல் பாதி. பிடித்த ஆளை வைத்து என்ன செய்தார் என்பதைப் பார்க்காமல் ஆள்சேர்ப்புக்கு மட்டும் தனியாக மதிப்பெண் போட முடியுமா?

இந்த ஆட்டத்துக்குப் புதியவர்களுக்காக ஒரு பத்தி. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் தேர்வுக்குழு கிடையாது, ஏலம் கிடையாது. பள்ளியில் படிக்கும் பதினாறு வயதுப் பையனைப் பயிற்சியாளரே தேடிப் போய், அவன் ஆடுவதைப் பார்த்து, வீட்டுக்கூடத்தில் உட்கார்ந்து தாயிடமும் தகப்பனிடமும் பேசிக் கூட்டி வருகிறார். பையன்களுக்கு நட்சத்திரம் போட்டு வரிசைப்படுத்தும் இணையதளங்கள் உண்டு. ஐந்து நட்சத்திரம் என்றால் உச்சம். 2005இல் தொழில்முறைக் கூடைப்பந்து அமைப்பான என்.பி.ஏ. குறைந்தபட்ச வயதை 19 ஆக்கியது. பள்ளியிலிருந்து நேரே தொழில்முறை ஆட்டத்துக்குப் போகும் வழி அதோடு அடைபட்டது. கெட்டிக்காரப் பையன்கள் ஓராண்டு கல்லூரியில் ஆடிவிட்டு டிராஃப்டுக்கு, அதாவது என்.பி.ஏ. அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் இடத்துக்கு, போனார்கள். அந்த ஓராண்டை ஒரு தொழிலாகவே மாற்றியவர் கலிபாரி.

2009இல் மெம்ஃபிஸ் பல்கலைக்கழகத்திலிருந்து கென்டக்கிக்கு வந்தார். வந்த கையோடு ஜான் வால், டிமார்கஸ் கசின்ஸ், எரிக் பிளெட்ஸோ. அந்தப் பருவம் 35 வெற்றி, 3 தோல்வி. 2010 டிராஃப்டின் முதல் சுற்றில் ஒரே கல்லூரியிலிருந்து ஐந்து பேர். அதற்கு முன் எந்தக் கல்லூரிக்கும் அது வாய்த்ததில்லை. பெயர்ப் பட்டியலைப் பார்த்தால் வாய் பிளக்கத்தான் வேண்டும்.

அந்த அணி எப்படித் தோற்றது என்பதையும் பாருங்கள். மார்ச் மாதம் நடக்கும் தேசியப் பெருந்தொடரின் காலிறுதியில் வெஸ்ட் வர்ஜீனியா உள்ளே ஆளை நிறுத்தி, "முடிந்தால் வெளியிலிருந்து எறி" என்று விட்டுவிட்டது. கென்டக்கி எறிந்த மூன்று புள்ளி வீச்சுகளில் முதல் இருபதும் விழவில்லை. ஆட்டம் முடியும்போது 32க்கு 4. நாட்டிலேயே திறமை மிகுந்த அணியில் தூரத்திலிருந்து நம்பி எறிய ஓர் ஆள் இல்லை. ஆள்சேர்ப்பின் குறை என்று நான் சொல்வது இதைத்தான்.

நீலச்சட்டை

ஸ்கோர்நோட்டு ஐயா, ஒரே ஓர் இரவை எடுத்து வைத்துக்கொண்டு பதினைந்து ஆண்டுகளுக்கு நீட்டுகிறீர்கள். 2011, 2012, 2014, 2015. ஐந்து ஆண்டுகளில் நான்கு முறை அரையிறுதி. 2012இல் 38–2 என்று பருவத்தை முடித்து, நியூ ஆர்லியன்ஸில் கான்சஸை 67–59 என்று தோற்கடித்துக் கோப்பை. அந்த ஆண்டு டிராஃப்டில் முதல் இடம் ஆன்டனி டேவிஸ், இரண்டாம் இடம் மைக்கேல் கிட்–கில்கிறிஸ்ட், இருவருமே அவர் பிடித்த முதலாமாண்டுப் பையன்கள். மொத்தம் 410 வெற்றி, 123 தோல்வி.

மார்ச் பெருந்தொடரில் 68 அணிகள், தோற்றால் வீடு. ஏழு ஆட்டத் தொடர் வைத்துப் பாருங்கள், அவருக்கு நான்கு கோப்பையாவது இருந்திருக்கும். நாற்பது நிமிட ஆட்டம் ஒன்றில் பந்து வளையத்தில் பட்டு வெளியே போவதற்கெல்லாம் ஆள்சேர்ப்பையா குறை சொல்வது?

ஸ்கோர்நோட்டு

ஏழு ஆட்டத் தொடர் இருந்தால் என்பது அத்தைக்கு மீசை முளைத்தால் கதை. எல்லாருக்கும் அதே 68 அணி, அதே நாற்பது நிமிடம். வில்லனோவாவில் ஜே ரைட் 2016இலும் 2018இலும் வென்றார். கனெக்டிகட்டில் டான் ஹர்லி 2023, 2024 என்று அடுத்தடுத்து வென்றார். அவர்கள் பட்டியலில் கென்டக்கி அளவுக்கு ஐந்து நட்சத்திரக்காரர்கள் இல்லை. இரண்டு மூன்று ஆண்டு சேர்ந்து ஆடியவர்கள் இருந்தார்கள்.

2012 அணியை நீங்கள் சொன்னதும் நல்லது. அதில் டேவிஸோடு கூட டேரியஸ் மில்லர் என்றொரு நான்காமாண்டு வீரரும் இருந்தார், கென்டக்கி மண்ணின் பையன், கலிபாரி வருவதற்கு முன்பே சேர்ந்தவர். டோரன் லாம்ப், டெரன்ஸ் ஜோன்ஸ் இரண்டாமாண்டு. கோப்பை வென்ற ஒரே அணி, பெரியவர்களும் கலந்திருந்த அணி. அடுத்த ஆண்டு அத்தனை பேரும் போய்விட்டார்கள், நெர்லன்ஸ் நோயல் முழங்காலை முறித்துக்கொண்டார், கென்டக்கி பெருந்தொடருக்கே தகுதி பெறாமல் சிறுதொடரான என்.ஐ.டி.யில் ராபர்ட் மாரிஸ் கல்லூரியிடம் முதல் சுற்றிலேயே தோற்றது. வைக்கோலில் பிடித்த தீயைப் போலத்தான்: பெரிதாக எரியும், விடியும்போது சாம்பல்கூட மிஞ்சாது.

புள்ளிக்கணக்கு

இருவரும் 2015ஐத் தொடாமல் சுற்றி வருகிறீர்கள். நான் தொட்டுவிடுகிறேன்.

38 ஆட்டம், 38 வெற்றி. கார்ல்–ஆன்டனி டவுன்ஸ், வில்லி காலி–ஸ்டைன், டிரே லைல்ஸ், ஹாரிசன் சகோதரர்கள், டெவின் புக்கர், டைலர் யூலிஸ். ஆட்கள் அதிகம் என்பதால் அந்தப் பருவத்தின் தொடக்கத்தில் கலிபாரி ஐந்து ஐந்து பேராக இரண்டு படைகளை மாற்றி மாற்றி இறக்கினார். புக்கர் பருவம் முழுக்க ஓர் ஆட்டத்தைக்கூடத் தொடங்கவில்லை. ஆட்டத்துக்கு இருபத்தொரு நிமிடம், பத்துப் புள்ளி. இரண்டே ஆண்டு கழித்து, 2017 மார்ச்சில், அதே பையன் ஃபீனிக்ஸ் அணிக்காகப் பாஸ்டனில் 70 புள்ளி எடுத்தான்.

இண்டியானாபொலிஸில் விஸ்கான்சினுடன் நடந்த அரையிறுதியின் கடைசி ஐந்தாறு நிமிடத்தை மறுபடி பாருங்கள். நான் பலமுறை பார்த்திருக்கிறேன், பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. கென்டக்கி முன்னிலையில் இருக்கிறது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நேரத்தைக் கரைக்கிறார்கள். அப்போது வீச்சுக் கடிகாரம் 35 நொடி; அதற்குள் வளையத்தை நோக்கி எறிந்தாக வேண்டும். அது தீர்ந்து ஊதல் ஒலிக்கிறது. அடுத்த முறையும் அப்படியே. மூன்றாம் முறையும் அப்படியே. ஒரு வீச்சுகூட வளையத்தைத் தொடாமல் மூன்று முறை பந்தைக் கையளித்தார்கள். 71–64. கோப்பை டியூக்குக்குப் போனது.

இதில் அதிர்ஷ்டம் எங்கே வருகிறது, நீலச்சட்டை? பந்து வளையத்தில் பட்டு வெளியே போகவில்லை. வளையம் வரைக்கும் போகவே இல்லை.

இடதுகைக்காரி

ஆண்கள் எல்லாரும் கோப்பையையே எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். அந்தப் பையனின் தாய் இடத்தில் நின்று பாருங்கள். என் மகன் பள்ளி அணியில் ஆடுகிறவன், அதனால் எனக்கு இது வேறு மாதிரித் தெரிகிறது.

வீட்டுக்கு வரும் பயிற்சியாளர் சொல்லும் வாக்குறுதி ஒன்றுதான்: "உங்கள் பிள்ளையை என்னிடம் விடுங்கள், நான் மேலே ஏற்றிவிடுகிறேன்." கலிபாரி அந்த வாக்கைக் காப்பாற்றினாரா இல்லையா? கனடாக்காரரான ஷே கில்ஜியஸ்–அலெக்சாண்டர் 2017இல் வந்தபோது பட்டியலின் உச்சியில் இல்லை. அந்த ஆண்டு கென்டக்கியில் சேர்ந்தவர்களில் அவரைவிடப் பெரிய பெயர்கள் இருந்தன. பருவத்தின் தொடக்கத்தில் வெளியே உட்கார்ந்திருந்தார். மார்ச் வருவதற்குள் அணியே அவர் கையில். டிராஃப்டில் பதினோராவது. 2025இல் என்.பி.ஏ.வின் சிறந்த வீரர், ஓக்லஹோமா சிட்டிக்குக் கோப்பை, இறுதித் தொடரின் சிறந்த வீரரும் அவரே. பாம் அடெபாயோ, டைலர் ஹீரோ, டைரீஸ் மேக்ஸி, இம்மானுவேல் குவிக்லி என்று இன்னும் எத்தனை பேர்.

வாடிக்கையாளர் யார் என்பதுதான் கேள்வி. பையனும் அவன் குடும்பமும் என்றால் அவரைப் போலச் சாதித்தவர் யாரையும் எனக்குத் தெரியாது. கென்டக்கி அணியின் ஊரான லெக்சிங்டனின் ரசிகர் என்றால் நீங்கள் சண்டை போடுங்கள்.

ஸ்கோர்நோட்டு

இடதுகைக்காரி சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். நான் முதல் பதிவில் அதை விட்டுவிட்டேன், தவறுதான்.

ஒரு சிறு திருத்தம் மட்டும். சம்பளம் கொடுத்தது பல்கலைக்கழகம். 2019இல் பத்து ஆண்டுக்கு 86 மில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்டார்கள். 2024இல் அவரை நீக்க நினைத்திருந்தால் 33 மில்லியனுக்கு மேல் எண்ணி வைத்திருக்க வேண்டும். அந்தக் காசு பையன்களை என்.பி.ஏ.வுக்கு ஏற்றுமதி செய்வதற்கு மட்டும் கொடுத்ததல்லவே.

கேள்விக்குறி

மெம்ஃபிஸ் பற்றி யாரும் பேசக் காணோமே? 2008இல் 38 வெற்றி, இறுதி ஆட்டம், எல்லாவற்றையும் ஏட்டிலிருந்து அழித்துவிட்டார்கள். 1996இல் மாசசூசெட்ஸ் அணியின் அரையிறுதியும் அப்படியே. ஆள்சேர்ப்பை அளக்கும்போது அழிக்கப்பட்ட பக்கங்களையும் எண்ண வேண்டாமா?

நீலச்சட்டை

எண்ணுங்கள். ஆனால் முழுதாக எண்ணுங்கள். மாசசூசெட்ஸில் மார்கஸ் கேம்பி ஏஜெண்டிடம் வாங்கியது, மெம்ஃபிஸில் டெரிக் ரோஸின் நுழைவுத் தேர்வு மதிப்பெண் செல்லாது என்று பிறகு ஆனது. இரண்டிலும் கலிபாரிமீது, கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. தனிப்பட்ட குற்றம் சாட்டவில்லை. கென்டக்கியில் பதினைந்து ஆண்டில் ஒரு வெற்றிகூட அழிக்கப்படவில்லை.

கேள்விக்குறி

இரண்டு ஊர்களில் இரண்டு முறை வீடு எரிந்திருக்கிறது, இரண்டு முறையும் அவர் கடைக்குப் போயிருந்தார். அவ்வளவுதான் சொன்னேன்.

லெக்சிங்டன்வாசி

ஊரில் இருக்கிறவன் என்ற முறையில் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பதினோரு ஆண்டாக இங்கே இருக்கிறேன். கென்டக்கி ஆடும் ரப் அரங்கத்திலிருந்து பத்து நிமிடத் தொலைவு.

கலிபாரியின் ஆள்சேர்ப்பு கெட்டுப்போனதாக நான் நினைக்கவில்லை. ஆட்டத்தின் அடித்தளம் 2021இல் மாறியது, அவர் மாறவில்லை. அந்த ஆண்டு ஏப்ரலில், கல்லூரி மாறுகிற வீரர் ஓராண்டு வெளியே உட்கார வேண்டும் என்ற விதியை எடுத்தார்கள். ஜூலையில் வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விற்றுச் சம்பாதிக்கலாம் என்றார்கள். ஒரே கோடையில் சந்தையே வேறாகிவிட்டது. இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது வீரன், மூன்று ஆண்டு அடிபட்டு ஆட்டம் கற்றவன், விலைக்குக் கிடைக்கிறான். அவனுக்கு எதிரே பதினெட்டு வயதுப் பையனை நிறுத்தினால் என்ன ஆகும்?

என்ன ஆயிற்று என்று சொல்கிறேன். விதி மாறுவதற்கு முந்தைய பருவமே, 2020–21இல், 9 வெற்றி, 16 தோல்வி. மாறிய பிறகு, 2022இல் பெருந்தொடரில் இரண்டாம் தர வரிசையில் நுழைந்து, பதினைந்தாம் தர வரிசையில் இருந்த செயின்ட் பீட்டர்ஸிடம் கூடுதல் நேரத்தில் 85–79. ஜெர்சி சிட்டியில் இருக்கும் சின்னக் கல்லூரி அது. 2023இல் ஒரே ஒரு வெற்றி. 2024இல் ஓக்லண்ட்.

ஓக்லண்ட் ஆட்டத்தை நண்பர் வீட்டில் பார்த்தோம். கலிபாரி பிறந்து வளர்ந்த பிட்ஸ்பர்க் பக்கத்திலேயே ஆட்டம். கென்டக்கி பெஞ்சில் ரீட் ஷெப்பர்டும் ராப் டில்லிங்கமும்; மூன்று மாதம் கழித்து டிராஃப்டில் மூன்றாவதும் எட்டாவதும் போனவர்கள். இருவரும் அந்தப் பருவம் பெரும்பாலும் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தவர்கள். எதிரே ஜாக் கோல்கி. இரண்டாம் பிரிவில் ஆடும் ஹில்ஸ்டேல் கல்லூரியிலிருந்து கடைசி ஓராண்டுக்காக ஓக்லண்டுக்கு மாறி வந்தவர். அன்று இருபது வீச்சு எறிந்தார், இருபதும் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே இருந்து. பத்து விழுந்தன. கோட்டுக்கு உள்ளே ஒரு வீச்சுகூட முயலவில்லை. திரையின் ஓரமாக அவர் ஓடி வருவார், ஒரு தடுப்பைச் சுற்றுவார், பந்து கைக்கு வரும், காலை ஊன்றக்கூட நேரம் எடுக்கமாட்டார். ஆறாவது விழுந்தபோது நண்பரின் மனைவி சமையலறையிலிருந்து "அதே பையனா?" என்று கேட்டார். பிறகு ஒவ்வொரு முறையும் அதையே கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. 80–76.

நாற்பதாவது பருவமாக ஓக்லண்டின் பயிற்சியாளர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த கிரெக் காம்பி, தனக்கு என்ன ஆள் வேண்டும் என்று தெரிந்து அந்த ஓர் ஆளைப் பிடித்தார். நல்ல ஆள்சேர்ப்புக்கு எடுத்துக்காட்டு கேட்டால் அன்றைக்கு நான் அவரைத்தான் காட்டுவேன்.

கேள்விக்குறி

ஆனால் ஆஸ்கர் ஷீப்வே வேறு கல்லூரியிலிருந்து மாறி வந்தவர்தானே? நாட்டின் சிறந்த வீரர் விருதே வாங்கினார். கலிபாரி மாறவில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

லெக்சிங்டன்வாசி

சரியான கேள்வி. வெஸ்ட் வர்ஜீனியாவிலிருந்து வந்தார், 2022இல் விருது வாங்கினார். செயின்ட் பீட்டர்ஸுக்கு எதிராக 30 புள்ளி, 16 ரீபவுண்ட். தோற்ற அணியில் அவர் செய்யாதது எதுவுமில்லை. "மாறவே இல்லை" என்பதைத் திரும்பப் பெறுகிறேன். கிணற்றை மாற்றாமல் வாளியை மாற்றிப் பார்த்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2023–24இல் மறுபடி முதலாமாண்டுப் பையன்களிடமே திரும்பிவிட்டாரே.

ஆற்றங்கரை

கென்டக்கியின் பரம எதிரி லூயிவில் பல்கலைக்கழகத்தின் ரசிகன் வந்திருக்கிறேன், கல்லெறிய வேண்டாம். கென்டக்கிக்காரர்கள் 9–16 என்று அழுவதைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. எங்கள் கதையைக் கேளுங்கள். பயிற்சியாளரை அமர்த்துவது பற்றி எல்லாரும் படிக்க வேண்டிய பாடம் அதில் இருக்கிறது.

கென்னி பெய்ன் பத்து ஆண்டு கலிபாரியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர். டேவிஸ், ராண்டில், டவுன்ஸ், அடெபாயோ என்று உயரமான பையன்களை வளர்த்ததில் பெரும்பங்கு அவருடையது என்று ஊரே சொன்னது. எங்கள் 1986 கோப்பை அணியில் ஆடியவர் வேறு. 2022இல் அவரை அமர்த்தியபோது நானும் கைதட்டினேன், மறைக்க மாட்டேன். நம் வீட்டுப் பிள்ளை, எதிரி வீட்டு இரகசியம் தெரிந்தவர், ஆள் பிடிப்பதில் புலி.

பருவம் தொடங்கும் முன்பே, பயிற்சி ஆட்டத்தில் இரண்டாம் பிரிவு லெனுவார்–ரைன் கல்லூரியிடம் தோற்றோம். பிறகு முதல் மூன்று ஆட்டமும் தலா ஒரே ஒரு புள்ளியில் தோல்வி. 0–9 வரை போனது. முதல் ஆண்டு 4–28. இரண்டாம் ஆண்டு 8–24. கூட்டினால் 12 வெற்றி, 52 தோல்வி.

தலைமைப் பயிற்சியாளராக அதற்கு முன் ஓர் ஆட்டத்தைக்கூட அவர் நடத்தியதில்லை. இது அமர்த்திய அன்றே எல்லாருக்கும் தெரிந்த செய்தி. நாங்கள்தான் பார்க்க மறுத்தோம். தவில் வாசிப்பவர் நன்றாக வாசித்தால் அவரையே நாயனம் ஊதச் சொன்ன கதை. அடுத்து வந்த பேட் கெல்சி, சார்ல்ஸ்டனில் ஆண்டுக்கணக்கில் தலைமைப் பொறுப்பில் இருந்தவர், முதல் பருவத்திலேயே 27–8. ஆட்கள் புதிது, ஊர் அதே ஊர், அரங்கம் அதே அரங்கம்.

புள்ளிக்கணக்கு

ஆற்றங்கரை, அந்தப் பாடத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். டியூக்கில் 2022இல் ஜான் ஷையர் பொறுப்பேற்றார். அவரும் துணைப் பயிற்சியாளராக மட்டுமே இருந்தவர். 2024–25இல் கூப்பர் ஃபிளாக்கைக் கொண்டு வந்து 35–4, அரையிறுதி. (ஹூஸ்டனிடம் கடைசி நிமிடத்தில் கையில் இருந்த ஆட்டத்தை விட்டது வேறு விஷயம்.) நார்த் கரோலினாவில் ஹியூபர்ட் டேவிஸ் முதல் ஆண்டே இறுதி ஆட்டம், அடுத்த ஆண்டு நாட்டின் முதலிடம் என்று எல்லாரும் கணித்த அணி பெருந்தொடருக்கே போகவில்லை. ஒரே ஆள், ஓராண்டு இடைவெளி.

எதிர்ப்பக்கமும் உண்டு. கென்டக்கியைத் தோற்கடித்த செயின்ட் பீட்டர்ஸின் ஷாஹீன் ஹாலோவே, பதினைந்தாம் தர வரிசையிலிருந்து காலிறுதிக்குப் போன முதல் அணியின் பயிற்சியாளர். அந்த வேகத்தில் சீட்டன் ஹால் அவரை அள்ளிக்கொண்டது. 2024இல் என்.ஐ.டி. கோப்பை. அடுத்த பருவம் 7–25. அவரை அமர்த்தியது சரியா தவறா? எந்த ஆண்டு கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

ஸ்கோர்நோட்டு

இங்கேதான் நான் வரவேண்டும் என்று காத்திருந்தேன். ஃபுளோரிடாவின் டாட் கோல்டன். 2022இல் சான் ஃபிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்திலிருந்து வந்தார், வயது முப்பத்தாறு. முதல் பருவம் 16–17. அன்றைக்கு இப்படி ஓர் இழை இருந்திருந்தால் நானே "தவறான ஆள்" என்று எழுதியிருப்பேன். இரண்டாம் ஆண்டு 24–12, பெருந்தொடரில் முதல் ஆட்டத்திலேயே வெளியே. மூன்றாம் ஆண்டு 36–4, கோப்பை.

ஆட்கள் யார்? வால்ட்டர் கிளேட்டன் அயோனாவிலிருந்து மாறி வந்தவர். அலிஜா மார்ட்டின் ஃபுளோரிடா அட்லாண்டிக்கிலிருந்து. வில் ரிச்சர்ட் பெல்மாண்டிலிருந்து. சின்னக் கல்லூரிகளில் யாரும் கவனிக்காதபோது வளர்ந்தவர்கள். ஆள்சேர்ப்பில் இவருக்கு எத்தனை நட்சத்திரம் போடுவீர்கள்?

என் அளவுகோல் இதுதான். வந்தவன் எவ்வளவு பெரியவன் என்பதைவிட, அவன் பக்கத்தில் நிற்கிறவனோடு பொருந்தினானா, மார்ச் மாதம் வரும்போது அவனுக்கு எத்தனை நிமிடம் கொடுத்தார்கள், அவன் போனதும் அந்த இடத்துக்கு யார் தயாராக இருந்தார் என்று பார்ப்பேன். பயிற்சியாளரை அமர்த்தியதை எடைபோட, அமர்த்திய நாளில் மேசைமேல் என்னென்ன தெரிந்திருந்தன என்று பார்ப்பேன். பிறகு நடந்ததை வைத்து அமர்த்தியவரைப் புகழ்வதும் வைவதும் எல்லாரும் செய்கிற வேலை.

நீலச்சட்டை

அப்படியானால் கலிபாரிக்குப் பிறகு கென்டக்கி அமர்த்திய மார்க் போப்பை எடைபோடுங்கள் பார்ப்போம். மேசைமேல் என்ன இருந்தது? ஹர்லி கனெக்டிகட்டிலேயே இருந்துவிட்டார். பேய்லரின் ஸ்காட் ட்ரூ வரமாட்டேன் என்றார். மூன்றாவதாகக் கிடைத்தவர் போப். தலைமைப் பயிற்சியாளராகப் பெருந்தொடரில் ஒரு வெற்றிகூட இல்லாதவர். இரண்டு முறை போய் இரண்டு முறையும் முதல் ஆட்டத்தில் தோற்றவர். கோப்பை வென்றவர் போன இடத்துக்கு இவரா?

லெக்சிங்டன்வாசி

போப்தான் என்று செய்தி வந்த வியாழன் இரவு இந்த ஊரில் எல்லாரும் நீங்கள் கேட்டதைத்தான் கேட்டார்கள், இன்னும் கெட்ட வார்த்தைகளில். நானும்தான்.

ஆனால் மேசைமேல் வேறு சிலவும் இருந்தன. பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் 110 வெற்றி, 52 தோல்வி. பிக் 12 என்ற கல்லூரிக் குழுமத்தில் முதல் பருவம், பதிமூன்றாவதாக வருவார்கள் என்று கணித்தார்கள், ஐந்தாவதாக வந்தார்கள். தூரத்திலிருந்து எறியும் ஆட்டம். 2010இல் எங்களிடம் இல்லாதது. 1996இல் கென்டக்கியில் பயிற்சியாளர் ரிக் பிடினோவின் கோப்பை அணித் தலைவர்களில் ஒருவர். நடுவில் கொலம்பியாவில் மருத்துவம் படிக்கப் போய், பாதியில் விட்டுவிட்டுப் பயிற்சியாளர் வேலைக்கு வந்த மனிதர். (என் அம்மாவிடம் இதைச் சொன்னேன். "டாக்டர் படிப்பையா?" என்றவர் அதன்பிறகு அவர்மேல் எந்த நல்ல அபிப்பிராயத்துக்கும் வரவில்லை.)

ஞாயிற்றுக்கிழமை ரப் அரங்கில் அறிமுகக் கூட்டம். ஓர் ஆட்டம் கிடையாது, ஒரு மனிதர் வந்து பேசப்போகிறார், அவ்வளவுதான். இடமில்லாமல் ஆட்களைத் திருப்பி அனுப்பினார்கள். எனக்கு முன்னால் ஒரு தாத்தா 1996 சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றார். வயிற்றுப் பக்கம் தையல் விட்டிருந்தது. பழைய அணியினர் உள்ளே வந்தபோது அவர் ஒவ்வொருவர் பெயரையும் எண்ணோடு சொல்லிக்கொண்டிருந்தார், யாருக்கும் கேட்காத குரலில்.

பிறகு அவர் செய்தது என்ன? உதவித்தொகையில் இருந்த பழைய வீரர் ஒருவர்கூட மிஞ்சவில்லை. சில வாரங்களில் முழு அணியைக் கட்டினார். லமாண்ட் பட்லர் சான் டியேகோ ஸ்டேட்டிலிருந்து, ஒடேகா ஓவே ஓக்லஹோமாவிலிருந்து, கோபி பிரே டேட்டனிலிருந்து, அமாரி வில்லியம்ஸ் டிரெக்சலிலிருந்து, ஆண்ட்ரூ கார் வேக் ஃபாரஸ்டிலிருந்து. துணைக்கு அமர்த்தியதைக் கவனியுங்கள்: ட்ரூ வரவில்லை, ட்ரூவின் துணைப் பயிற்சியாளர் ஆல்வின் புரூக்ஸ் வந்தார். மார்க் ஃபாக்ஸ் வந்தார். ஜார்ஜியாவில் போப்புக்கு முதல் வேலை கொடுத்தவர், இந்த முறை அவருக்குக் கீழே வந்தார். கலிஃபோர்னியாவில் ஃபாக்ஸின் கடைசிப் பருவம் 3–29. பார்த்தால் யாரும் தொடமாட்டார்கள். போப் தொட்டார்.

முதல் பருவம் 24–12, பதினாறு அணிச் சுற்று வரை. டென்னசியை வழக்கமான பருவத்தில் இரண்டு முறை வென்றுவிட்டு மூன்றாவது முறை, தேவையான நாளில், 78–65 என்று தோற்றோம். நாட்டின் முதல் பதினைந்து இடத்தில் இருந்த அணிகளுக்கு எதிராக எட்டு வெற்றி. பட்லருக்குத் தோள், ஜாக்சன் ராபின்சனுக்கு மணிக்கட்டு என்று அடிபட்டதெல்லாம் சேர்த்து.

நீலச்சட்டை

அதே ஆண்டு கலிபாரியும் பதினாறு அணிச் சுற்றுக்குப் போனார். எஸ்.இ.சி. என்ற கல்லூரிக் குழுமத்தில் முதல் ஐந்து ஆட்டமும் தோற்று, எல்லாரும் புதைத்த பிறகு எழுந்து, பத்தாம் தர வரிசையில் நுழைந்து, கான்சஸையும் பிடினோவின் செயின்ட் ஜான்ஸையும் வீழ்த்திவிட்டுப் போனார். 2025 பிப்ரவரி முதல் தேதி உங்கள் அரங்கத்துக்கே வந்து 89–79 என்று வென்றும் காட்டினார். அன்று ஆடிய டி.ஜே. வாக்னர், அடூ தியேரோ, ஸ்வோனிமிர் இவிசிச் மூவரும் முந்தைய ஆண்டு உங்கள் சட்டை போட்டவர்கள். அவர் பிடித்த ஆட்கள் அவரோடு போனார்கள். பையன்கள் யாரை நம்பினார்கள் என்று அதிலேயே தெரியவில்லையா?

இடதுகைக்காரி

இதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன்.

ஆற்றங்கரை

டிராவிஸ் பெரி கதையையும் யாராவது சொல்லுங்கள். கென்டக்கி பள்ளிக் கூடைப்பந்து வரலாற்றிலேயே அதிகப் புள்ளி எடுத்த பையன். கலிபாரி பிடித்தார், அவர் போன பிறகும் போப்போடு இருந்தான், ஊரே கொண்டாடியது. ஓராண்டில் மிசிசிப்பிக்கு மாறிப் போய்விட்டான். மண்ணின் மைந்தன் பேச்செல்லாம் வெளியே உட்கார வைக்கும் வரைதான்.

லெக்சிங்டன்வாசி

உண்மை. ஹார்லன் கவுண்டிப் பையன் டிரெண்ட் நோவா இருக்கிறான் என்று அப்போது ஆறுதல்பட்டுக்கொண்டோம்.

பிப்ரவரி முதல் தேதி நானும் உள்ளே இருந்தேன், நீலச்சட்டை. கலிபாரி வெளியே வந்தபோது அரங்கமே ஊளையிட்டது. என் பக்கத்து இருக்கைக்காரர் பதினைந்து ஆண்டாக அதே இருக்கைக்குப் பணம் கட்டுகிறவர், 2012இல் நியூ ஆர்லியன்ஸ்வரை காரோட்டிப் போனவர். அவரும் இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினார். பிறகு உட்கார்ந்து, சோளப்பொரி பொட்டலத்தை என் பக்கம் நீட்டி, "முடி கொட்டிவிட்டது பார், பாவம்" என்றார். தியேரோ முதல் பந்தைப் போட்டபோது கைதட்டப் போய், பாதியில் நிறுத்திக்கொண்டார்.